மருதடியில் மரம் இல்லை

பின் சீட்டை எனக்கென்று விட்டு வைத்தவளுக்கு,

இன்று காலை ஆசிரியர் அறை அலுமாரியின் மேல்தட்டைத் துடைக்கக் கை நீட்டினேன். உன்னுடைய இரண்டாவது ஹெல்மெட் உருண்டு வந்து என் தோளில் இடித்து விழுந்தது. உன் பின்னால் உட்காரும்போது நான் போட்டுக்கொள்ளும் அந்தச் சிவப்பு ஹெல்மெட்தான். பக்கத்தில் ஆள் இல்லாததைப் பார்த்துவிட்டு உள்ளே மூக்கை வைத்து மணந்தேன். தேங்காய் எண்ணெய், வெயில், மழையில் நனைந்து முழுதாகக் காயாத பஞ்சு. எனக்கு அது எப்போதும் ஒரு சைஸ் பெரிது. பள்ளத்தில் ஸ்கூட்டி இறங்கும் போதெல்லாம் கண்ணுக்கு மேல் சரிந்துவிடும். அதனால் எட்டு வருடம் போய்வந்தும் பாதி ஊரை நான் பார்த்ததே இல்லை என்று நீ பகிடி பண்ணுவாய்.

அலுமாரியைத் துடைக்கப் போனது இந்தத் தவணைக்குப் பிள்ளைகளுக்குப் புள்ளி போடும் கணிப்பீட்டுப் படிவங்களை வைக்க இடம் தேடித்தான். நீ இல்லாமல் நான் தயாரிக்கும் முதல் கணிப்பீடு இது. நீ போய் ஒரு மாரி கழிந்துவிட்டது. உன் வகுப்புகளை இப்போது இரண்டு பேர் பங்கு போட்டு எடுக்கிறார்கள். நல்ல பிள்ளைகள். ஆனால் நான் எழுதிய கேள்வியை வாசித்து என் முகத்துக்கு நேரே சிரிக்கும் துணிச்சல் அவர்களுக்கு இன்னும் வரவில்லை. அந்தச் சிரிப்பு இல்லாமல் எனக்குக் கேள்வி எழுதவே வரவில்லை என்பதை வெட்கம் விட்டுச் சொல்கிறேன்.

பட்டினத்திலிருந்து வரும் வழியில் என் ஒழுங்கை முகப்பில் நிறுத்தி இரண்டு தரம் ஹோர்ன் அடிப்பாய். மூன்றாவது தரம் அடித்தால் நான் பிந்திவிட்டேன் என்று பொருள். பிறகு துறைக்குப் போய் ஸ்கூட்டியைப் பாதையில் ஏற்றுவோம். இயந்திரம் பூட்டிய அந்தத் தட்டையான படகை வேறு பெயரில் சொல்ல எனக்கு இன்றும் வாய் வராது. அது எங்களை வாவியின் கிழக்கே எழுவான்கரையிலிருந்து மேற்கே படுவான்கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் நீ என் வினாத்தாள்களை வாசிப்பாய். வாவிக் காற்றில் தாள் படபடக்கும். நான் நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

நான் புவியியல், நீ கணிதம். என் வினாத்தாளில் எழுத்துப்பிழை இருக்காது, அடித்தல் திருத்தல் இருக்காது, புள்ளிக் கூட்டலில் பிழை இருக்கவே இருக்காது. அதில் எனக்கு உள்ளூரப் பெருமை. ஒருநாள், "வரைபடத்தில் 'ஏ' இலிருந்து 'பி' க்கு உள்ள தூரம் யாது?" என்ற என் கேள்வியில் உன் விரல் நின்றது.

"ஏயில ஆர் இரிக்கிற?" என்றாய்.

"ஒருத்தரும் இல்ல. அது ஒரு புள்ளி."

"மறுகா, அந்தப் பியில ஆர்?"

"அதுவும் ஒரு புள்ளிதான்."

"அப்ப ஒருத்தரும் இல்லாத இடத்தில இருந்து ஒருத்தரும் இல்லாத இடத்துக்கு எதுக்குகா இந்தப் புள்ளயள் தூரம் அளக்கணும்?"

பக்கத்தில் தயிர்ச் சட்டிகளோடு நின்றவர் சிரித்துவிட்டார். எனக்கு மூக்கு சிவந்துவிட்டது. மறுநாள் நீ ஹோர்ன் அடித்தபோது வேண்டுமென்றே மூன்றாவது தரம் வரைக்கும் வீட்டுக்குள் நின்றேன்.

உனக்கு அந்தப் புத்தி உன் பப்பாவிடமிருந்து வந்தது. பட்டினத்துப் பறங்கித் தெருவில் அவர் செய்த கதவுகள் எத்தனையோ வீடுகளில் இன்றும் நிற்கின்றன. "பப்பா கதவு செஞ்சா, வீட்டுக்காரர் வந்து பூட்டிப் பாப்பார், திறந்து பாப்பார். கதவு எண்டா என்ன, வரைவிலக்கணம் தா எண்டு ஒருத்தரும் பப்பாக்கிட்ட கேக்கல்ல" என்பாய். இதை நீ எத்தனை தரம் சொன்னாய் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தரமும் புதிதாகக் கண்டுபிடித்ததுபோலவே சொன்னாய்.

மூன்று வருடத்துக்கு முந்திய அந்த எட்டாம் வகுப்பை எடுத்துக்கொள்வோம். முப்பத்தொரு பிள்ளைகள். அந்தத் தவணையில்தான் படுவான்கரைக்குப் புது மிட்வைஃப் ஒருவர் நியமனம் பெற்று வந்தார். காத்தான்குடிக்காரி, பெயர் நஸ்ரின், எல்லோருக்கும் நஸ்ரின் மிஸ்ஸி. கருப்பிணித் தாய்மார்களை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அவர் வேலை. ஆனால் அந்த ஊரில் அவருக்கு ஒரு வீடும் தெரியாது. ஒரு நாள் காலை நம் பள்ளிக்கூட வாசலில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வியர்த்து விறுவிறுத்து வந்தார்.

"டீச்சர், எட்டாம் வகுப்பில யதுர்சிகா எண்டு ஒரு புள்ள படிக்கிதாம். அதுட அக்காட வீட்டுக்குத்தான் போகணும். ரெண்டு தரம் வந்து வந்து திரும்பிப் போயிட்டன். போன் காட்டுற வழியில போனா வாய்க்காலுக்குள்ளதான் இறங்கணும்."

யதுர்சிகாவோடு ஒரே வீட்டில் இருந்த அவள் அக்காவுக்கு அப்போது ஏழு மாதம். போன கிளினிக்கில் பிரஷர் கூடியிருந்ததாம். கிழமைக்கு ஒரு தரம் வீட்டில் வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். இரண்டு கிழமையாக ஒருவரும் பார்க்கவில்லை. வயல் வட்டைக்கு அப்பால் தனித்து நிற்கும் வளவு அது. அங்கே போனுக்குச் சிக்னல் இல்லை. பலா மரத்தில் ஏறினால் ஒரு கோடு வரும் என்று யதுர்சிகா சொல்லுவாள். ஏழு மாதக் கருப்பிணி பலா மரத்தில் ஏறவா முடியும்?

"பிள்ளைய இப்பவே இவவோட அனுப்பிவிடுவமே" என்றேன் நான்.

அனுப்பினோம். அவள் வயல் வரம்பால் குறுக்கே நடத்திக் கூட்டிப்போனாள், ஸ்கூட்டி போகும் றோட்டை மிஸ்ஸி காணவே இல்லை. அன்றைக்கு அக்காவைப் பார்த்தாயிற்று. ஆனால் அன்று பின்னேரம் பாதையில் நீ வாவியைப் பார்த்தபடி நின்றாய்.

"அவக்கு ஊர் முழுக்க வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு புள்ளய வகுப்பால எழுப்பி அனுப்பேலுமா?" என்றாய். பிறகு என் பக்கம் திரும்பி, "உன்ட ஏயும் பியும் கிடைச்சிட்டு" என்றாய்.

அப்படித்தான் அந்தக் கணிப்பீடு பிறந்தது. கேள்வியை நீ எழுதினாய்: "உங்கள் வீட்டுக்கு இதுவரை வராத ஒருவர், யாரிடமும் வழி கேட்காமல், பாடசாலை வாசலிலிருந்து வந்து சேரக்கூடியவாறு ஒரு படம் வரைக." புள்ளித் திட்டத்தை நான் எழுதினேன். மொத்தம் இருபத்தைந்து. வடதிசைக் குறி இரண்டு, அளவுத்திட்டம் ஐந்து, குறியீட்டு விளக்கம் ஐந்து, நிலக்குறிகள் ஐந்து, சுத்தம் எட்டு.

"சுத்தத்துக்கு எட்டா? படத்தக் கழுவியா குடிக்கப் போறா?" என்று கேட்டாய். நீ வேறொரு புள்ளித் திட்டம் எழுதிக் காட்டினாய். அதில் ஒரே ஒரு கட்டம்: வந்து சேர்ந்தாரா?

இரண்டு திட்டத்தையும் அதிபரிடம் கொண்டுபோனோம். அவர் நல்ல மனிதர், ஆனால் கோப்புக்குப் பயந்தவர். கல்வி வலயத்திலிருந்து ஆட்கள் வந்து பார்த்தால் என்ன சொல்வது என்பதுதான் அவர் கவலை. கடைசியில் ஒரு தீர்ப்புச் சொன்னார். நஸ்ரின் மிஸ்ஸி ஒரு பிள்ளையின் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்த வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். நாங்கள் ஒருவரும் வாய் திறந்து வழி சொல்லக்கூடாது. போய்ச் சேர்ந்தால் தவணைப் புள்ளியில் சேர்க்கலாம். சேராவிட்டால் பழையபடி வினாத்தாள். எந்தப் பிள்ளை என்று கேட்டபோது நீ யோசிக்கவே இல்லை. அக்காவுக்கு அடுத்த கிழமையும் பிரஷர் பார்க்கவேண்டி இருந்தது. யதுர்சிகா என்றாய்.

அவளுடைய படத்துக்கு என் திட்டப்படி இருபத்தைந்துக்கு ஒன்பது. நிலக்குறிக்கு முழுப் புள்ளி, சுத்தத்துக்கு நாலு, அவ்வளவுதான். எழுவான் திசையைத் தாளின் தலைப்பக்கம் வைத்திருந்தாள். வடக்கு எங்கே என்றே இல்லை. சைக்கிள் கடைக்குப் பக்கத்தில், "கறுப்பு நாய் குரைக்கும், கடிக்காது" என்று எழுதியிருந்தாள். இருபத்துநாலு வாங்கிய படங்கள் இருக்க இதையா கொண்டுபோகிறோம் என்று உன்னிடம் இரண்டு தரம் கேட்டேன்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் யதுர்சிகா சைக்கிளில் வீட்டுக்குப் பறந்தாள். நஸ்ரின் மிஸ்ஸி படத்தை ஸ்கூட்டியின் முன்பக்கம் கிளிப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். நாங்கள் பின்னால். சைக்கிள் கடையில் கறுப்பு நாய் குரைத்தது, கடிக்கவில்லை. மிஸ்ஸி திரும்பி எங்களைப் பார்த்துக் கைகாட்டிச் சிரித்தார். நீ என் முழங்காலில் ஓங்கித் தட்டினாய். பிள்ளையார் கோயில் சரி. அரிசி ஆலை சரி. அடுத்து படத்தில் இருந்தது: "மருதடியில் இடக்கைப் பக்கம் கிறுகவும்."

மிஸ்ஸி கிறுகவில்லை. மருதடிச் சந்தியைத் தாண்டி நேரே போனார்.

உன் முதுகில் குத்தினேன். "விட்டுட்டுப் போறா! சொல்லு!"

"வாயத் திறக்காத. இப்பதான் கதவப் பூட்டிப் பாக்கிறாங்க" என்றாய்.

அவர் போனார், போனார், குளக்கட்டு வரைக்கும் போனார். அங்கே நின்ற பெரிய ஆல மரத்தை அண்ணாந்து பார்த்தார். அதன் கீழே இடது பக்கம் ஒரு தடம் இறங்கியது. அதில் திரும்பினார். அது எருமைகள் தண்ணீருக்கு இறங்கும் தடம். இருபது முப்பது எருமைகள் சேறு பூசிக்கொண்டு ஏறி வந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒன்று ஸ்கூட்டியின் முன்னால் நின்று படத்தை வாசிப்பதுபோல மூக்கை நீட்டியது. மிஸ்ஸி இரண்டு காலையும் சீட்டுக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு, "யா அல்லாஹ், டீச்சர்!" என்று கத்தினார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "மிஸ்ஸி, மருதடிய விட்டுட்டு வந்திட்டீங்க!" என்று நானும் கத்தினேன்.

"எங்க டீச்சர் மருத மரம்? நான் வழி நெடுக மரத்தப் பாத்துத்தானே வந்தன்!"

எருமைகள் போகும்வரை பொறுத்து, திரும்பிச் சந்திக்கு வந்தோம். நான் ஹெல்மெட்டை நிமிர்த்திக்கொண்டு, பாடம் நடத்தும் குரலில், "இதுதான் மருதடி" என்று கையை நீட்டிக் காட்டினேன். மிஸ்ஸி என் கை போன பக்கம் பார்த்தார். பிறகு அண்ணாந்து பார்த்தார். நானும் அண்ணாந்து பார்த்தேன். வானம் இருந்தது. ஒரு மின்கம்பி இருந்தது. கீழே ஒரு மதகு இருந்தது, ஒரு கடை வாசலில் மூன்று நீலப் பீப்பாக்கள் இருந்தன. மரம் இல்லை.

றோட்டை அகலப்படுத்தித் தார்க் காப்பெட் போட்ட காலத்தில் அந்த மரத்தை வெட்டிவிட்டார்களாம். அது நாங்கள் இருவரும் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வருவதற்கு முன்னமே நடந்தது. நானும் நீயும் அந்த மரத்தை ஒரு நாளும் கண்டதில்லை. ஆனால் தினமும், "மருதடியில நிப்பாட்டு, வாழைப்பழம் வாங்குவம்" என்று சொல்லியிருக்கிறோம். முப்பத்தொரு படத்திலும் மருதடி இருந்தது. முப்பத்தொன்றுக்கும் நான் நிலக்குறி என்று சிவப்புச் சரி போட்டுப் புள்ளி கொடுத்திருந்தேன். இல்லாத மரத்துக்கு!

நீ ஸ்கூட்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டு மதகில் உட்கார்ந்து சிரித்தாய். சிரிக்கச் சிரிக்க கண்ணால் தண்ணீர் வந்தது. மிஸ்ஸியும் சிரித்தார். "மரமில்லாத மரத்தடியில என்னக் கிறுகச் சொன்னா நான் எங்க போவன்!" எனக்கு முதலில் அழுகைதான் வந்தது. பிறகு எப்படியோ நானும் உங்களோடு சேர்ந்துவிட்டேன்.

வளவுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. யதுர்சிகா படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மிஸ்ஸி அக்காவின் கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்தார். ஒருமுறை பார்த்தார், திரும்பவும் காற்றடித்துப் பார்த்தார். சிரிப்பு முகத்திலிருந்து போய்விட்டது. நாளைக்கு வெள்ளென ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று துண்டு எழுதிக் கொடுத்தார். "இண்டைக்கு நான் வராம விட்டிருந்தா..." என்று தொடங்கி, அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

யதுர்சிகா எங்களிடம் வந்து மெதுவாகக் கேட்டாள். "டீச்சர், எங்க பிழைச்ச?"

நீ சொன்னாய். அவள் முகம் சுருங்கியது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, "மெய்தான் டீச்சர்! மருதடியில மரம் இல்லத்தான்!" என்றாள். அந்த இடத்திலேயே குந்திக்கொண்டு படத்தைத் திருப்பிப் போட்டு, மிஸ்ஸியிடம் கேட்டாள். "மிஸ்ஸி, அந்தச் சந்தியில உங்கட கண்ணில பட்டது என்ன?"

"மூணு நீலப் பீப்பா. ஒரு மதகு" என்றார் மிஸ்ஸி.

அவள் அதை எழுதிக்கொண்டாள். நீ என் கையை நெரித்தாய். இத்தனை வருடம் வினாத்தாள் திருத்தியும் அப்படியொரு கேள்வியை நான் எந்தப் பிள்ளையின் வாயிலும் கேட்டதில்லை.

அடுத்த நாள் நீ அதிபரிடம் போய், "சேர், நாங்க தோத்துட்டம்" என்று சொன்னதை நான் மறக்கமாட்டேன். நான் வாய் திறந்ததையும் மறைக்கவில்லை. ஆனால் அடுத்த மூச்சிலேயே, இன்னும் ஒரு கிழமை தாருங்கள் என்று கேட்டாய். அக்காவை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பார்கள், வீட்டுக்கு வந்ததும் மிஸ்ஸி கட்டாயம் கிழமைக்கிழமை போயாகவேண்டும், இந்த முறை படம் பிழைக்கக்கூடாது என்றாய். அதிபர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது அவர் சம்மதிக்கும் விதம்.

வகுப்பில் முப்பத்தொரு படத்தையும் சுவரில் ஒட்டினாய். "எல்லாரும் மருதடி எண்டு எழுதியிரிக்கிங்க. மருதடியில என்ன இரிக்கு?"

"மருத மரம்!" வகுப்பே ஒரே குரலில் சொன்னது.

ஒரு பிள்ளை மெல்ல, "இல்லயே டீச்சர்" என்றது. பிறகு எழுந்த சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்தார்.

எல்லோரையும் வரிசையாகச் சந்திக்குக் கூட்டிக்கொண்டு போனோம். முதல் முதல் இந்த ஊருக்கு வருகிற ஆளாக உங்களை நினைத்துக்கொள்ளுங்கள், கண்ணில் படுவதை மட்டும் எழுதுங்கள் என்றாய். முப்பத்தொரு பிள்ளைகள் கொப்பியும் கையுமாக மூலைக்கு மூலை நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, லாண்ட்மாஸ்டர் உழவு வண்டியில் நெல்மூடை ஏற்றி வந்தவர் பதறி நிறுத்தினார்.

"என்ன மனே, ஆரும் விழுந்திட்டாங்களா?"

"இல்ல மாமா, மரத்தத் தேடுறம்" என்றாள் ஒருத்தி.

"எந்த மரத்த?"

"மருத மரத்த."

அவர் திரும்பிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "அட, ஓம்கா" என்று சொல்லிவிட்டு லாண்ட்மாஸ்டரை எடுத்துக்கொண்டு போனார்.

திரும்பி வரும்போது நீ சொன்ன ஒன்றுக்காக உனக்கு நான் கடன்பட்டவள். நான் என் புள்ளித் திட்டத்தைக் கிழித்துப் போடத் தயாராக இருந்தேன். "கிழிக்காத. தூரம் போட்டிருந்தா மிஸ்ஸி குளக்கட்டு மட்டும் போயிருப்பாவா? ஆலையில இருந்து முந்நூறு மீற்றர் எண்டு இருந்திருந்தா, மரம் இல்லாட்டியும் நிண்டு யோசிச்சிருப்பா. உன்ட அளவுத்திட்டத்துக்கு இப்பதான் வேலை வந்திரிக்கு" என்றாய். அன்று பின்னேரம் முழுக்கப் பிள்ளைகள் காலடி எண்ணிக்கொண்டு நடந்தார்கள். உன் கணிதப் பாடமும் என் புவியியலும் ஒரே றோட்டில் நடந்தன. இருபத்துநாலு வாங்கிய பிள்ளையும் யதுர்சிகாவும் ஒரு காலடியின் நீளத்துக்காகச் சண்டை பிடித்தார்கள். சுத்தத்துக்கு நான் மூன்று புள்ளி மட்டும் வைத்துக்கொண்டேன். அதை மட்டும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

அடுத்த வியாழக்கிழமை மிஸ்ஸி, போன தரம் சந்திக்கு அப்பால் எங்கள் பின்னால் வந்ததில் வழி மனதில் பதியவில்லை என்று சொல்லி, புதுப் படத்தோடு தனியாகப் போனார். நாங்கள் பின்னால் போகவில்லை. யதுர்சிகாவையும் வகுப்பிலேயே வைத்திருந்தோம். போய்ச் சேர்ந்தாரா இல்லையா என்று தெரிந்துகொள்ள வழியில்லை, அந்த வளவில்தான் சிக்னல் இல்லையே. பாதையில் திரும்பி வரும்போது நீ நகத்தைக் கடித்தாய். நீ நகம் கடித்து அன்றைக்குத்தான் கண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை, மணி அடிக்க முதல், யதுர்சிகா வாசலிலிருந்தே ஓடி வந்தாள். கையில் அக்காவின் கிளினிக் அட்டை. முந்தின நாள் திகதி, பிரஷர் அளவு, கீழே நஸ்ரின் மிஸ்ஸியின் கையெழுத்து. பிரஷர் இறங்கியிருந்தது. "ஒருத்தரிட்டயும் கேக்கல்லயாம் டீச்சர்! நாய் குரைக்கவும் படத்தப் பாத்துச் சிரிச்சாவாம்!"

அட்டையை அதிபரின் மேசையில் வைத்தோம். அவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இத எந்தக் கோப்பில போடுற?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே பேனையைத் திறந்துவிட்டார். அட்டை திரும்பவும் அக்காவுக்கு வேண்டும் என்பதால் அதைப் போட்டோக் கொப்பி எடுத்துக் கோப்பில் போட்டோம். குழந்தை மாதம் நிரம்பிப் பிறந்தது. பெண்பிள்ளை. நீ பட்டினத்திலிருந்து ஒரு கேக் சுட்டுக்கொண்டு போனாய். பாதையில் ஸ்கூட்டி ஆடினாலும் அது கவிழாமல் நான்தான் மடியில் வைத்துப் பிடித்தேன்.

அதற்குப் பிறகு நம் தொல்லை பள்ளிக்கூடம் முழுக்கப் பரவியது. ஆறாம் வகுப்பு, கண் பார்வை மங்கியவர்களும் வாசிக்கும்படி மருந்து குடிக்கும் நேரம் எழுதிக் கொடுத்தது. வாசித்துப் பார்க்க ஊரிலிருந்து ஆறு பேரைக் கூப்பிட்டு வகுப்பில் உட்காரவைத்தாய். ஒன்பதாம் வகுப்பு, உன்னிச்சைக் குளத்தின் தண்ணீர் வயலுக்கு வந்துசேர எத்தனை மணித்தியாலம் என்று கண்டுபிடிக்கப் போய், இரண்டு விவசாயிகளுக்கு நடுவில் வாய்த்தர்க்கத்தை மூட்டிவிட்டு வந்தது. எல்லாம் சரியாக அமையவில்லை. சோப்பு செய்யச் சொன்ன ஒப்படையில் அரை வகுப்புக்குக் கை அரித்தது. நீ உன் கையையும் நீட்டிக் காட்டிச் சிரித்தாய். ஒவ்வொரு கணிப்பீட்டுக்கும் முதல் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்பாய். "இத ஆருகா பாவிக்கப் போறா?"

நீ வருத்தமாகி, நோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பிள்ளைகள் உன்னைப் பார்க்க வரவேண்டும் என்று நின்றார்கள். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து உன் வார்டுக்கு ஒரு படம் வரைந்து கொடுத்தேன். நீ அதை வாங்கித் தலையணையில் வைத்து வாசித்தாய். குரல் போயிருந்தது, ஆனால் கண் அப்படியே இருந்தது. "லிஃப்ட்ட விட்டு வெளிய வந்து எந்தப் பக்கம் எண்டு இல்ல" என்று என் பேனையை வாங்கினாய். இருபத்தைந்துக்குப் பத்தொன்பது போட்டாய். என் வாழ்நாளில் நான் வாங்கிய மிகக் குறைந்த புள்ளி அதுதான். திருத்தித் தந்தேன். அந்தச் சனிக்கிழமை பத்துப் பிள்ளைகள் ஒருவரிடமும் கேட்காமல் உன் கட்டிலுக்கு வந்து நின்றார்கள். நீ என்னைப் பார்த்தாய். அவர்கள் உன்னைக் கடைசியாகக் கண்டது அன்றைக்குத்தான்.

அழவைக்க எழுதவில்லை. போன கிழமை நடந்த ஒன்றை உனக்குச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

புதன்கிழமை இடைவேளையில் யதுர்சிகா ஆசிரியர் அறைக்கு வந்தாள். பதினோராம் வகுப்பு இப்போது, என்னைவிட உயரம். கையில் மடித்த பெரிய தாள். நஸ்ரின் மிஸ்ஸி மாற்றலாகிப் போய்விட்டாராம். புதிதாக வந்தவருக்கு ஊர் தெரியாதாம். பழைய படத்தில் இருக்கும் கடையும் பீப்பாக்களும் இப்போது இல்லையாம். புதுப் பாலம் ஒன்றும் போட்டிருக்கிறார்களாம். அதனால் கருப்பிணித் தாய்மார் இருக்கிற ஆறு வீட்டுக்கும் சேர்த்து ஒரே படமாக வரைந்திருக்கிறாள்.

"ஆரு வரையச் சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல டீச்சர்."

"சோதினை வருது. இதுக்கு ஒரு புள்ளியும் இல்லயே, புள்ள."

நான் ஏதோ விளங்காமல் பேசுவதுபோல அவள் என்னைப் பார்த்தாள். "அவக்கு வழி தெரியாதுதானே டீச்சர். குடுக்கிறத்துக்கு முதல் நீங்க ஒருக்காப் போய்ப் பாருங்க."

பின்னேரம் போனேன். நான் இப்போது சொந்தமாக ஸ்கூட்டி ஓட்டுகிறேன், மெதுவாகத்தான். படத்தை முன்னால் கிளிப் போட்டுக்கொண்டு, ஊரைத் தெரியாதவளாக என்னை நினைத்துக்கொண்டு போனேன். மூன்று வீடு சரி. நாலாவது வீட்டில் பிழைத்துவிட்டது. வாய்க்காலோரம் இரண்டு தடம் பிரிகிறது, படத்தில் ஒன்றுதான். பிழையான தடத்தில் போய், மிளகாய்த் தோட்டத்துக்குள் நின்று, ஒரு வயோதிபரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு திரும்பினேன். மற்ற இரண்டு வீடும் சரி.

வியாழக்கிழமை காலை அவளைக் கூப்பிட்டு நாலாவது வீட்டில் விரலை வைத்தேன். இருபது வருடமாகப் பிழையைக் காட்டும்போது பிள்ளைகளின் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். நான் சிவப்பு மையில் சுழித்த தாள்களை வாங்கி, புள்ளியை மட்டும் பார்த்துவிட்டு நாலாக மடித்துப் பைக்குள் திணிப்பார்கள்.

யதுர்சிகா குனிந்து பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"நல்ல காலம் டீச்சர், நீங்க போய்ப் பாத்தது!" என்று சொல்லி, என் மேசையிலேயே தாளை விரித்து, என் சிவப்புப் பேனையைக் கேட்டு வாங்கி, விடுபட்ட தடத்தைத் தானே வரைந்தாள்.

பிழையைக் காட்டியதற்காக ஒரு பிள்ளை எனக்கு நன்றி சொன்னது என் சேவைக் காலத்தில் இதுதான் முதல் தடவை. சந்தோசத்தில் அன்று முழுக்க எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. வேறு யாரிடம் சொன்னாலும் இதன் பெறுமதி விளங்காது, புள்ள. உனக்கு விளங்கும்.